ஒளிக்கு ஒரு ஸ்டெதாஸ்கோப்

மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைக்கும்போது ஒரே இடத்தில் நிறுத்திவிடுவதில்லை. நாலு இடங்களில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்கிறார். ஒவ்வோர் இடத்திலும் இதயத்தின் ஒவ்வொரு வால்வின் ஓசை துலக்கமாகக் கேட்கிறது. அந்த இடங்களுக்கு நடுவே சில சென்டிமீட்டர்தான் தூரம். ஆனால் அவர் கேட்கும் ஓசையின் அலைநீளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். விநாடிக்கு 50 அதிர்வுகள் என்று வைத்துக்கொண்டால், காற்றில் அதன் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். உடலின் திசுவுக்குள் 30 மீட்டர். முப்பது மீட்டர் நீளமுள்ள அலையை வைத்துக்கொண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியைப் பிரித்தறிகிறார் மருத்துவர். அறையின் மறுகோடியில் நின்றால், எவ்வளவு கூர்மையான செவி இருந்தாலும் இது நடக்காது. கருவியின் வாய் சிறியது, அது நெஞ்சை ஒட்டியிருக்கிறது. இந்த இரண்டும்தான் அவருக்கு உதவுகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், இதே வேலையை ஒளியில் செய்வது பற்றியது. ஒளி அலையின் நீளத்தைவிடப் பல மடங்கு சிறிதான ஓர் ஒளியுணர்வியைச் செய்து, அதைப் பொருளை ஒட்டிக் கொண்டுபோய் வைப்பது. அப்படிச் செய்ய முடியும் என்பதோடு, இதுவரை கையாண்ட மற்ற வழிகளைவிட இதற்கு ஓர் அடிப்படையான மேன்மை உண்டு என்பதே என் வாதம்.

முதலில் நமக்கு எதிரே நிற்கும் சுவரைப் பார்ப்போம். ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸின் நுண்ணோக்கித் தொழிற்கூடத்தோடு இணைந்து உழைத்த எர்ன்ஸ்ட் அபே, 1873-இல் ஒன்றை எடுத்துச் சொன்னார். கண்ணாடியை எவ்வளவு நேர்த்தியாகச் சாணை பிடித்தாலும், நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கத்துக்கு ஓர் அடிமட்டம் உண்டு. அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி. கணக்கில் காட்டினால், 550 நானோமீட்டர் பச்சை ஒளியும் எண்ணெயில் தோய்ந்த மிகச் சிறந்த லென்ஸும் சேர்ந்தாலும் 200 நானோமீட்டருக்குக் கீழே போக முடியாது. ஃப்ளூ வைரஸின் குறுக்களவு 100 நானோமீட்டர் அளவில் இருக்கிறது, செல்லில் புரதம் செய்யும் ரைபோசோம் சுமார் 25, டி.என்.ஏ. இழையின் தடிமன் 2. உயிரின் பட்டறை முழுவதும் அந்தச் சுவருக்கு அப்பால் இருக்கிறது. யேனாவில் உள்ள அபேயின் நினைவுச்சின்னத்தில் இந்தச் சமன்பாட்டைக் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய நூறாண்டுகள் இயற்பியலாளர் பலரும் அதைக் கல்லின்மேல் எழுத்தாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அபே சொன்னதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அவர் எந்த நிலைமைக்காகச் சொன்னார் என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பொருளின் மேல் ஒளி விழும்போது, அதன் மேற்பரப்பை ஒட்டிய மின்காந்தப் புலத்தில் அந்தப் பொருளின் எல்லா நுணுக்கமும் பதிந்திருக்கிறது. கரடுமுரடான பகுதிகள் அலையாகப் புறப்பட்டு வெகுதூரம் போகின்றன. அலைநீளத்தைவிட நுண்ணிய பகுதிகள் அப்படிப் போவதில்லை. மேற்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு, விலக விலகத் தேய்ந்துவிடுகின்றன. எவ்வளவு வேகமாகத் தேய்கின்றன? 50 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பிவரும் கோலம் ஒன்று இருந்தால், ஒவ்வொரு 8 நானோமீட்டர் விலகலுக்கும் அதன் புலவலிமை தேய்ந்து, மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம் மட்டுமே மிஞ்சும். 80 நானோமீட்டர் தள்ளிப் போனால் எஞ்சுவது இருபதாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. லென்ஸ் இருப்பதோ இந்தத் தொலைவைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு தூரத்தில். ஆகவே லென்ஸ் நுணுக்கத்தைத் தொலைத்துவிடுகிறது என்று சொல்வது சரியல்ல. அந்த நுணுக்கம் லென்ஸ்வரை வந்து சேர்வதே இல்லை. கைபேசிக் கேமராவின் படப்புள்ளிகள் இன்று ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே இறங்கி, ஒளியின் அலைநீளத்தையே எட்டிவிட்டன. இருந்தும் அவை அபேயின் எல்லையைத் தாண்டுவதில்லை. காரணம் இதுதான்: உணர்வி சிறிதாகிவிட்டது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு லென்ஸும், லென்ஸுக்கு முன்னால் நீண்ட தூரமும் அப்படியே இருக்கின்றன. சிறுமையும் அண்மையும் ஒன்றுசேர வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை.

மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த அண்மைப் புலம் கணித நூலில் மட்டும் வாழும் ஒன்றா என்று சிலர் ஐயுறலாம். அதற்கான விடை 1897-லேயே கல்கத்தாவில் கிடைத்துவிட்டது. ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவிலான மின்காந்த அலைகளைக் கண்ணாடிக்குள் செலுத்தி, அவை உள்ளேயே முழுதாக எதிரொளித்துத் திரும்பும்படி செய்தார். அலையை வெறும் கதிராக எண்ணினால் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் வரக்கூடாது. அதன் அருகே மெல்லிய காற்றிடைவெளி விட்டு இன்னொரு கண்ணாடியை வைத்தபோது, அலை அந்த இடைவெளியைத் தாண்டி மறுபுறம் போனது. இடைவெளியைக் கூட்டினால் நின்றது. அலைநீளத்தைக் கூட்டினால், தடுப்பதற்கு இன்னும் பெரிய இடைவெளி தேவைப்பட்டது. தேய்ந்துபோகும் புலத்துக்குள் ஒரு பொருளைக் கொண்டுபோய் வைத்தால், அது அந்தப் புலத்திலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்ளும். இதுதான் அந்தச் சோதனை சொன்னது. கலீனா என்ற கனிமப் படிகத்தை வைத்து அலைகளை உணரும் கருவிக்கும் போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைகடத்தி உணர்விக்கான மிகப் பழைய காப்புரிமைகளில் அது ஒன்று. நான் இன்று பேசும் கருவியின் இரு பாதிகளும், அண்மைப் புலமும் குறைகடத்தி உணர்வியும், ஒரே மனிதரின் மேசையில் இருந்தன. அவற்றை இணைக்கத் தேவையான நுண்தொழில் மட்டும் பிறக்கவில்லை.

அண்மைப் புலத்தைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று முதலில் தெளிவாக எழுதியவர் டப்ளினைச் சேர்ந்த எட்வர்ட் ஹட்சின்சன் சிங். 1928 ஏப்ரலில் அவர் ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதினார். மிக நுண்ணிய ஒரு துகளை மேற்பரப்பின் அருகே வைத்து, அது சிதறடிக்கும் ஒளியையே விளக்காகப் பயன்படுத்தலாம் என்பது அவருடைய யோசனை. அடிப்படை சரி, ஆனால் இந்தச் செயல்முறை உதவாது என்று பதில் எழுதிய ஐன்ஸ்டைன், ஒளிபுகாத தகட்டில் நுண்துளை இட்டு அதன் வழியே வரும் ஒளியைப் பயன்படுத்தலாமே என்றார். துளை யோசனை அதே ஆண்டில் ‘ஃபிலசாஃபிகல் மேகசின்’ இதழில் சிங்கின் கட்டுரையாக வெளிவந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சி.வி. ராமன் 1906-இல், தம் 18-ஆம் வயதில், விளிம்பு விளைவு பற்றிய முதல் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டதும் இந்த இதழில்தான். சிங் 1957-இல் மறைந்தார். 1972-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆஷும் நிக்கல்ஸும் 3 சென்டிமீட்டர் மைக்ரோஅலைகளைக் கொண்டு, அலைநீளத்தில் அறுபதில் ஒரு பங்கு நுணுக்கத்தைத் துளைவழியே பிரித்துக் காட்டினர். கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் அதைச் செய்தது, சுவிட்சர்லாந்தின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் டீட்டர் போலின் குழு. 1984-இல் வெளியான அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே ஸ்டெதாஸ்கோப் இருக்கிறது. என் உரையின் தலைப்பு அவர்களிடம் கடன்பட்டது.

துளைக்கு ஒரு பெருங்குறை உண்டு. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் வாதத்தின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. அலைநீளத்தைவிடச் சிறிய துளையின் வழியே எவ்வளவு ஒளி வரும் என்பதை ஹான்ஸ் பெத்தே 1944-இல் கணக்கிட்டுத் தந்தார். துளையின் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப அது குறைகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் ஒளி 64-இல் ஒரு பங்காகும். பத்தில் ஒன்றாக்கினால் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். எரிக் பெட்ஸிக் 1991-இல் பெல் ஆய்வகத்தில் செய்ததுபோல் கண்ணாடி இழையை ஊசியாக இழுத்து, பக்கங்களில் அலுமினியம் பூசி, நுனியில் துளை விட்டவர்கள் அனைவரும் இந்தச் சட்டத்தோடு மல்லுக்கட்டினார்கள். ஒளியைக் கூட்டினால் அலுமினியப் பூச்சு சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே 50 நானோமீட்டருக்குக் கீழே போவது பெரும்பாடு. துளைக்குப் பதில் சிங் முதலில் சொன்ன துகளை வைத்தால் என்ன? சாதாரண நுண்துகள் சிதறடிக்கும் ஒளியும் அதே ஆறாம் அடுக்குச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் கூரிய உலோக நுனியில் ஒளிப்புலம் குவிந்து பல மடங்கு பெருகுகிறது. அந்தப் பெருக்கம் இழப்பில் பெரும்பகுதியை ஈடுசெய்கிறது. 2013-இல் சீனாவின் ஹஃபேய் நகரில் உள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வெள்ளி நுனியைக் கொண்டு ஒற்றை மூலக்கூறின் ராமன் சிதறலை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் படமாக்கினார்கள். ராமன் தம் விளைவைக் கண்டதும் 1928-இல். சிங் ஐன்ஸ்டைனுக்கு எழுதியதும் 1928-இல். இரண்டும் ஒரே ஊசிமுனையில் கூடுவதற்கு 85 ஆண்டுகள் ஆயின.

துளை, நுனி இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கம் இருக்கிறது. அண்மையில் தொட்ட ஒளியை இரண்டுமே மீண்டும் தூரத்துக்கு அனுப்புகின்றன. எங்கோ தள்ளி வைத்த பெரிய உணர்வி அதைப் பிடிக்கிறது. நுண்பொருள் ஒன்று அலையைத் தூரத்துக்கு அனுப்புவதுதான் இயற்கை கடுமையாகத் தடுக்கும் செயல். ஆறாம் அடுக்கு வருவது அதனால்தான். ஒளியைத் திருப்பி அனுப்பாமல் அந்த இடத்திலேயே விழுங்கிவிட்டால் கணக்கு மாறுகிறது. நுண்துகள் உட்கவரும் ஒளி அதன் பருமனுக்கு ஏற்ப, அதாவது விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. விட்டத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் துளை இழப்பது பத்து லட்சம் மடங்கு. விழுங்கும் உணர்வி இழப்பது ஆயிரம் மடங்கு. இந்த வேறுபாடு எந்தத் தொழிற்சாலையின் திறமையையும் பொறுத்ததல்ல, மின்காந்தவியலே தருவது. உணர்வியையே நுண்ணியதாக்கி அண்மைப் புலத்துக்குள் வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விழுங்கிய ஒளித்துகள் அங்கேயே எலக்ட்ரானாகிவிடுகிறது. அதற்குப் பின் அதைக் கம்பி வழியே எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எலக்ட்ரானுக்கு அபேயின் எல்லை கிடையாது.

இப்படிப்பட்ட உணர்விகளை உண்மையிலேயே செய்திருக்கிறார்களா? செய்திருக்கிறார்கள். 2006-இல் ஹார்வர்டில் ஒரு சிலிக்கன் நுண்கம்பியையும் ஒரு காட்மியம் சல்ஃபைடு நுண்கம்பியையும் குறுக்காக வைத்து, அவை சந்திக்கும் இடத்தை உணர்வியாக்கினார்கள். நூற்றுக்கும் குறைவான ஒளித்துகள்களை அது உணர்ந்தது. ஆனால் அதன் இடப் பிரிதிறனாக அவர்கள் அளந்து காட்டியது 250 நானோமீட்டர். அலைநீளத்தைவிடச் சிறிது என்று அதைச் சொல்லலாம். அபேயின் கோட்டைத் தாண்டியது என்று சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் இவ்விரண்டு சொற்களையும் ஒன்றாக்கிப் பேசும் வழக்கம் இருக்கிறது, அது படிப்பவரை ஏமாற்றும். 2008-இல் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஜெர்மேனியம் உணர்வி இன்னும் துணிச்சலானது. அதன் நீள, அகல, உயரங்கள் 150, 60, 80 நானோமீட்டர் அளவில்தான். அது உணர்ந்த ஒளியோ 1,300 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பு. வீட்டுக் கூரையில் வைக்கும் டி.வி. ஆண்டெனாவைப் போன்ற இரட்டைக் கம்பி ஆண்டெனாவை நானோ அளவில் செய்து, ஒளியைப் பிடித்து அந்தச் சிறு ஜெர்மேனியத் துண்டுக்குள் ஊட்டினார்கள். ஒளியையும் மின்னணுச் சுற்றையும் இணைப்பதற்காகச் செய்த கருவி அது, படம் எடுக்க அல்ல. ஆயினும் விழுங்கும் பொருளை எவ்வளவு சிறிதாக்கலாம் என்பதற்கு அது சான்று.

இவ்வளவு சிறிய உணர்வியில் எத்தனை ஒளித்துகள் விழுந்துவிடப்போகிறது, எல்லாம் இரைச்சலில் மூழ்கிவிடாதா என்பது முதல் எதிர்வாதம். எண்களால் பதில் சொல்கிறேன். ஒரு மைக்ரோவாட் பச்சை ஒளியை 200 நானோமீட்டர் வட்டத்தில் குவித்தால், அங்கே விநாடிக்கு 2.8 லட்சம் கோடி ஒளித்துகள்கள் விழுகின்றன. அந்த வட்டத்துக்குள் 20 நானோமீட்டர் அளவுள்ள உணர்வியின் பங்கு நூறில் ஒன்று, அதாவது 2,800 கோடி. 20 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கன் அதில் நூறில் ஒரு பங்கைத்தான் விழுங்கும் என்றாலும், விநாடிக்கு 28 கோடி எலக்ட்ரான்கள் கிடைக்கும். ஏறக்குறைய 45 பிக்கோ ஆம்பியர். நல்ல ஆய்வகத்தில் தயக்கமின்றி அளக்கக்கூடிய மின்னோட்டம். ஜெர்மேனியமாக இருந்தால் இன்னும் பல மடங்கு. சிறுமையே இங்கு ஓர் உதவியும் செய்கிறது. மின்தேக்குதிறன் குறையக் குறைய, ஓர் எலக்ட்ரான் எழுப்பும் மின்னழுத்தம் கூடுகிறது. ஒரு ஃபெம்டோ ஃபாரடில் அது 0.16 மில்லிவோல்ட், அதை நூறில் ஒன்றாகக் குறைத்தால் 16 மில்லிவோல்ட். பெருக்கிக்குப் போகும் கம்பி நீண்டதாக இருந்தால் இந்த ஆதாயம் கம்பியிலேயே போய்விடும் என்பதும் உண்மை. ஆகவே முதல் டிரான்சிஸ்டர் உணர்வியின் காலடியிலேயே இருக்க வேண்டும். ஒளி மிக அரிதான சோதனைகளில், ஒற்றை மூலக்கூறின் ஒளிர்வு போன்றவற்றில், இந்தக் கணக்கு இவ்வளவு தாராளமாக இராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது எதிர்வாதம் கோட்பாட்டின் பக்கமிருந்து வருகிறது. ஒளித்துகளின் இடத்தை இவ்வளவு நுணுக்கமாகக் குறிப்பது ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மை விதியை மீறாதா? இந்தக் கேள்விக்கும் நுண்ணோக்கிக்கும் பழைய உறவு உண்டு. 1923-இல் மியூனிக்கில் முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில், நுண்ணோக்கியின் பிரிதிறனை ஹைசன்பர்க்கால் விளக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அவர் தம் விதியை விளக்க எடுத்துக்கொண்ட கற்பனைச் சோதனையே ஒரு நுண்ணோக்கிதான். தூரத்துக்குப் பயணம் செய்யும் ஒளித்துகள் பக்கவாட்டில் சுமக்கக்கூடிய உந்தத்துக்கு, அலைநீளம் ஓர் உச்சவரம்பு வைக்கிறது. அதனால் இடத்தின் நுணுக்கத்துக்கும் வரம்பு வருகிறது. அபேயின் சமன்பாடு அதன் இன்னொரு வடிவம். மேற்பரப்பில் ஒட்டிய புலத்துக்கு அந்த உச்சவரம்பு இல்லை. அதன் பக்கவாட்டு உந்தம் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக இருக்கலாம். அதற்கு அது கொடுக்கும் விலைதான் செங்குத்துத் திசையில் தேய்ந்துபோவது. விதி எங்கும் உடையவில்லை.

மூன்றாவது எதிர்வாதத்துக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்லிவிட முடியாது. அருகே கொண்டுபோகும் எந்தப் பொருளும் தான் அளக்க வந்த புலத்தையே மாற்றிவிடும். ஒளிரும் மூலக்கூறின் அருகே உலோகம் வந்தால், அது ஒளிர்ந்து அணையும் கால அளவே மாறுகிறது. இன்னொரு குழப்பமும் உண்டு. ஊசி மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது, அந்த ஏற்ற இறக்கமே ஒளியின் மாற்றம்போலப் பதிந்துவிடும். 1990-களில் வெளியான நுணுக்கமான படங்கள் பல, ஒளியைவிட மேற்பரப்பின் மேடுபள்ளத்தையே காட்டின என்பதை அத்துறையினரே 1997-இல் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். அந்த நேர்மைக்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். உணர்வியின் இடையூற்றை முற்றிலும் நீக்க வழியில்லை. வடிவம் தெரிந்த உணர்வியாக இருந்தால், அது புலத்தை எப்படி மாற்றும் என்பதைக் கணக்கிட்டுத் திருத்தலாம். லித்தோகிராஃபியால் ஒரே அச்சில் வார்த்த உணர்விக்கு அந்த வாய்ப்பு உண்டு. கையால் இழுத்த இழைநுனிக்கு அது இல்லை, ஏனென்றால் ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது.

இத்தனை பாடுபடுவானேன், தூரத்தில் இருந்தபடியே அபேயின் கோட்டைத் தாண்டியவர்களுக்கு 2014-இல் வேதியியல் நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டதே என்று கேட்கலாம். ஷ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் இருவரோடு அதைப் பகிர்ந்துகொண்ட மூன்றாமவர், இழைநுனியோடு போராடிய அதே பெட்ஸிக்தான். உயிருள்ள செல்லின் உள்ளே ஆழத்தில் பார்க்க வேண்டுமென்றால் அவர்கள் வழிதான் சிறந்தது. அண்மைப் புலம் மேற்பரப்பை விட்டு உள்ளே போகாது. ஆனால் அந்த முறைகள் எதைக் கொண்டு இயங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். ஏற்றி அணைக்கக்கூடிய ஒளிரும் மூலக்கூறுகளைப் பொருளுக்குள்ளேயே ஒட்ட வைக்கிறார்கள். நுண்ணிய விளக்கைப் பொருளின் அருகே கொண்டுபோ என்று சிங் சொன்னதை, விளக்கைப் பொருளிலேயே நட்டு நிறைவேற்றுகிறார்கள். விளக்கை நட முடியாத இடங்கள் நிறைய: சிலிக்கன் சில்லுக்குள் ஓடும் ஒளிவழி, உலோகத்தின் மேல் தவழும் ஒளி, சாயம் ஏற்றினால் இயல்பு திரிந்துவிடும் பொருள்கள். அங்கே புலம் எப்படி இருக்கிறதோ அப்படியே அளக்க, அருகில் போகும் உணர்வியே வேண்டும். அண்மைப் புலம் ஆய்வகத்து ஆர்வத்தோடு நின்றுவிட்டதும் அல்ல. 2003-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அலுமினியப் படலத்தில் பல பத்து நானோமீட்டர் அளவுள்ள துளைகளை இட்டு, ஒளி புக முடியாத அந்தத் துளையின் அடியில் மட்டும் தேங்கும் புலத்தில் ஒற்றை நொதி வேலை செய்வதைப் பார்த்தார்கள். டி.என்.ஏ.வின் எழுத்துவரிசையைப் படிக்கும் வணிக இயந்திரங்களில் இன்று அந்தத் துளைகள் இருக்கின்றன. ஊசியைப் பொருளிடம் கொண்டுபோவதற்குப் பதில், பொருளை அண்மைப் புலத்துக்குள் வரவழைத்துவிட்டார்கள்.

உணர்விக்கும் இதுவே ஏற்ற பாதை என்று கருதுகிறேன். ஒற்றை உணர்வியை ஊசிமுனையில் ஏற்றிப் புள்ளி புள்ளியாக நகர்த்துவதைவிட, நுண்ணுணர்விகளைத் தட்டையான சில்லில் நெருக்கமாகப் பதித்து, பொருளை அதன்மேல் படுக்க வைக்கலாம். ஊசி ஏறி இறங்குவதால் வரும் போலிப் படங்களுக்கு அங்கே இடமில்லை. 50 நானோமீட்டருக்கு ஒன்றாகப் பதித்தால் ஒரு சதுர மில்லிமீட்டரில் 40 கோடி உணர்விகள் வேண்டும். கேட்க மலைப்பாக இருந்தாலும், கணினி நினைவகச் சில்லுகளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குப் பல கோடி நினைவறைகளை இன்றே பதிக்கிறார்கள். உண்மையான தடை வேறு. ஓர் உணர்வியில் பிறந்த எலக்ட்ரான் 50 நானோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து உணர்விக்கு எளிதாக அலைந்து போய்விடும். கைபேசிக் கேமராவின் படப்புள்ளிகளுக்கு நடுவே ஆழமான அகழி வெட்டி இதைத் தடுக்கிறார்கள். 50 நானோமீட்டர் இடத்தில் அகழிக்கும் உணர்விக்கும் இடம் பங்கிடுவது கடினம். அடுத்தது, படுத்திருக்கும் பொருளுக்கும் சில்லுக்கும் உள்ள இடைவெளி. பரப்பின்மேல் வளரும் செல் அதைப் பற்றிக்கொள்ளும் இடங்களில் 10 முதல் 15 நானோமீட்டர் அருகில் வருகிறது. மற்ற இடங்களில் 100 நானோமீட்டர்கூட விலகி நிற்கும். 50 நானோமீட்டர் கோலத்தின் புலவலிமையில், 15 நானோமீட்டரில் ஏழில் ஒரு பங்கு மிஞ்சும். 100 நானோமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே அப்படிப்பட்ட சில்லை இன்றே செய்து முடித்தாலும், அதில் முதலில் தெளிவது செல் முழுவதும் அல்ல, அது ஊன்றி நிற்கும் பாதங்கள்.